நாற்பத்தைந்தைத் தாண்டாமல் ஒரு ரேஸுக்கு

தாம்பரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு பைக்கில் போக எவ்வளவு நேரமாகும் என்று யாரைக் கேட்டாலும் ஒன்பது மணி நேரம், மிஞ்சினால் பத்து மணி நேரம் என்பார்கள். எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. வண்டி மக்கர் பண்ணவில்லை, மழை பெய்யவில்லை, வழியும் தவறவில்லை. வேண்டுமென்றேதான் அப்படிப் போனோம். அதுவும் எதற்கு? பைக் ரேஸுக்கு. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். வழி நெடுக அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

இது நடந்தது 2006 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில். ரேஸ் ஓட்டப் போனது நானில்லை, என் நண்பன் பாபு. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார், முப்பத்து நான்கு வயது, அதற்கேற்ற தொப்பை. கல்லூரி முடித்த வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியை இன்னமும் குழந்தை மாதிரி துடைத்துக்கொண்டிருப்பவன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ரேஸ் ஓட்ட வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பத்து வருடமும் ‘அடுத்த வருஷம் மச்சான்’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. டேங்க் நிரம்ப பெட்ரோல் போட மாட்டான். கஞ்சத்தனமில்லை. எவ்வளவு தூரம் போகணுமோ அவ்வளவு போட்டால் போதும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு அடிக்கடி வேளச்சேரி ரோட்டில் காலை வாரிவிடும். உடனே வண்டியை இடது பக்கம் படுக்கிற மாதிரி சாய்ப்பான். டேங்கின் வலது பக்கம் தேங்கிய பெட்ரோல், குழாய் இருக்கிற இடது பக்கம் வந்து சேரும். அதற்கும் மசியாவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து, வாயை வைத்து, கன்னம் புடைக்க ஊதுவான். நம்மூரில் டூவீலர் வைத்திருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்த வித்தைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் காய்கறிப் பையோடு நிற்பது யார்? சுமதி. பாபுவின் மனைவி.

பாபு எனக்கு மச்சான் என்றால் சுமதி எனக்குத் தங்கச்சி. பொறுமைசாலிதான். ஆனால் அவர்கள் பெண் நிலாவுக்கு மூன்று வயதான பிறகு, நடுரோட்டில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று சொல்லிவிட்டது. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற ஸ்கூட்டர் வேண்டும், இந்த வண்டியை விற்றுவிடலாம் என்றது. நியாயம்தானே! பாபு இரண்டு நாள் சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சுமதியே ஒரு தீர்ப்பு சொன்னது. என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது.

“அண்ணா, நீங்கதான் சாட்சி. இவர் ஒரே ஒரு ரேஸ் ஓட்டட்டும். ஜெயிக்கவெல்லாம் வேணாம். கடைசிக் கோட்டைத் தாண்டிட்டார்னா வண்டி இருக்கட்டும், நான் வாயே திறக்கல. கீழ விழுந்தாலோ, நடுவுல நின்னுட்டாலோ, ஊருக்கு வந்த மறுநாளே வித்துட்டு ஸ்கூட்டர். சரியா?”

“சரி” என்றான் பாபு.

“நீங்க பொய் சொல்லுவீங்க. ரேஸ் நடக்கும்போது அண்ணா எனக்கு ஃபோன் போட்டு லைன்லயே வச்சிருக்கணும்.”

அப்படித்தான் நான் இந்தப் பயணத்தில் சேர்ந்தேன். நான் ஊரப்பாக்கம். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். லிட்டருக்கு அறுபத்தைந்து கொடுக்கிற சாதுவான ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி என்னுடையது. என் சுபாவம் சாதுவில்லை. யாராவது என்னை முந்திக்கொண்டு போனால் எனக்குக் காது சூடாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு பேரும் ரயிலில் போவது, வண்டியைப் பார்சலில் போடுவது என்றுதான் திட்டம். ஆனால் என்ஜின் புகை கக்கியதால் ரீபோர் பண்ண, அதாவது சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட, கொடுத்திருந்தான். லேத்தில் வேலை இழுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ், வியாழக்கிழமை சாயங்காலம்தான் வண்டி கைக்கு வந்தது. மாடம்பாக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தாஸ் அண்ணன் சாவியைக் கொடுத்தபடி சொன்னார்.

“தோ பாரு சார். புது பிஸ்டன், புது ரிங். மொத ஐநூறு கிலோமீட்டரு நாப்பத்தஞ்சத் தாண்டக் கூடாது. தாண்டுன, பிஸ்டன் புட்ச்சிக்கும். அப்பால என்னாண்ட வந்து பேஜார் பண்ணாத.”

“ஞாயித்துக்கிழமை ரேஸ்ணா” என்றான் பாபு.

“இன்னாது, ரேஸா? தாலி கட்ற அன்னிக்குப் பொண்ணு பாக்கப் போற கதையா கீதே!”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாபு ஐந்து நிமிடம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு கரும்பலகையில் விடை வந்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது. “மச்சான், தாம்பரத்துலேருந்து கோயம்புத்தூர் நானூத்தி எண்பது. இருபதை ஊருக்குள்ள சுத்திக்கலாம். ஐநூறு! ரேஸுக்குப் போறதே என்ஜின் பழகற ரன்னிங்-இன் ஆயிடும்ல?”

இப்படி ஒரு யோசனை ஒரு கணக்கு வாத்தியாருக்குத்தான் வரும். அதற்குத் தலையாட்ட என்னை மாதிரி ஒருத்தன் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் கிளம்பினோம். ஸ்பேனர் செட், ஹெல்மெட், பள்ளி பி.டி. மாஸ்டரிடம் கடன் வாங்கிய, முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஃபுட்பால் ஷின்கார்டு, துணிமணி எல்லாம் என் வண்டியில். அவன் வண்டியில் அவன் மட்டும். எடை கூடக் கூடாதாம். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கியபோது குளிர் காதைக் கடித்தது. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பத்து மூன்றில். ஊரப்பாக்கத்தில் என் வீட்டுத் தெரு முனையைத் தாண்டுவதற்குள் பதினேழு வண்டி எங்களை முந்தியிருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி பத்து நிமிடம் ஆறப்போட வேண்டும் என்பது தாஸ் அண்ணனின் இன்னொரு கட்டளை. முதல் நிறுத்தம் செங்கல்பட்டு, கொளவாய் ஏரிக்கரை. டீ மூன்று ரூபாய். ஏரி மேல் பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே நின்று டீ குடித்தது அதுதான் முதல் தடவை.

மதுராந்தகம் தாண்டியதும் அது நடந்தது. ஒரு மொபெட். பின்னால் இரண்டு பக்கமும் இளநீர்க் குலை. ஓட்டிய பெரியவர் எங்களுக்குச் சமமாக வந்து, பாபுவின் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னா தம்பி, வண்டி ஏதாச்சும் ரிப்பேரா?”

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு.”

“எங்க போறீங்க?”

“ரேஸுக்கு” என்றான் பாபு, அப்பாவியாக.

“பாக்கவா?”

“ஓட்டறதுக்கு.”

அவர் சிரித்த சிரிப்பில் மொபெட் ஆடி, ஒரு இளநீர் உருண்டு ரோட்டில் விழுந்தது. நிறுத்தி எடுத்துக் கொடுத்தோம். “வச்சுக்குங்க, ரேஸ் ஓட்றவங்க தெம்பா இருக்கணும்” என்று அதையே எங்களுக்குச் சீவிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பிறகு எங்களை முந்திக்கொண்டு போய் மறைந்தார். அவருக்குப் பிறகு ஒரு டிராக்டர் முந்தியது. சத்தியமாக.

திண்டிவனத்துக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஒரே வண்டியில் வந்தார்கள். முந்தும்போது பின்னால் இருந்தவன் எங்களைப் பார்த்து, கை இரண்டையும் ஆட்டி, நடந்து போவது போல் நடித்துக் காட்டினான். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான்தானே ரன்னிங்-இன்னில் இல்லை! முறுக்கினேன். நான்கு கிலோமீட்டர் துரத்தியும் ஆளைக் காணவில்லை. நடுவில் எங்கேயோ டீக்கடையில் ஒதுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தேன். பாபு ஆடி அசைந்து வந்து சேர்ந்தான். “யாரை மச்சான் ஜெயிச்ச?” என்று கேட்டான். நான் வண்டியைக் கிளப்பினேன்.

திண்டிவனத்தில் காலை டிபன். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு ரூபாய். பொங்கல் நன்றாக இருந்தது, சாம்பாரில் உப்பு தூக்கல். விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை அகலமான சாலை. அதன்பின் போக ஒன்று வர ஒன்றுதான். பஸ்கள் ஹாரனாலேயே நம்மை மண்ணில் இறக்கிவிடும். பைக்கில் போகிறவர்கள் இந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். கள்ளக்குறிச்சியில் மதியச் சாப்பாடு, அளவில்லாதது, இருபத்தைந்து ரூபாய். வண்டியோடு நாங்களும் அரை மணி நேரம் வேப்ப மரத்தடியில் ஆறினோம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தூர் பக்கம் வரும்போது எனக்கு எரிச்சல் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் மரவள்ளிக்கிழங்குக் காடு. கிழங்கு மாவு காயப்போட்டிருக்கிற களங்கள் வெள்ளை வெளேரென்று. புளிப்பு வாசனை. எண்பதில் போகிறவனுக்கு இதெல்லாம் இரண்டு நொடி. எங்களுக்கு ஒரு மணி நேரம். சின்னப் பிள்ளைகள் ரோட்டோரம் ஓடி வந்து எங்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அதில் ஒரு பெண் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டாள். பாபு ஹாரன் அடித்துக் கை கொடுத்துவிட்டுப் போனான். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், ரோடு காலியாக இருந்த இடங்களில், பேசிக்கொண்டே போனோம். காற்று இரைச்சல் இல்லாததால் கத்த வேண்டியிருக்கவில்லை.

வாழப்பாடிக்கு முன்னால் புதுத் தார் போட்ட ரோடு. கருகருவென்று, நேராக, ஆளே இல்லாமல். பாபு திடீரென்று சொன்னான்: “மச்சான், நீ கொஞ்சம் முன்னாடி போய்டு. கை துடிக்குது.”

“ஏன்டா?”

“முறுக்கணும்போல இருக்கு. ஒரே ஒரு தடவை முறுக்கினா என்ன ஆகும்?”

“பிஸ்டன் புட்ச்சிக்கும். சுமதி ஸ்கூட்டர் வாங்கும்.”

அவன் சிரித்துக்கொண்டே பெருமூச்சு விட்டான். முள் நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு உறுதி இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. சேலத்தில் நுழைந்தபோது மாலை ஆறு. முன்னூற்றுப் பத்து கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜ் இருநூற்றைம்பது ரூபாய், கொசு இலவசம். படுத்தது தெரியும், எழுந்தது தெரியும்.

சனிக்கிழமை சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி. பவானிப் பக்கம் காவிரிப் பாலத்தில் நின்று ஐந்து நிமிடம் தண்ணீரைப் பார்த்தோம். வண்டியை ஆறப்போட அதைவிட நல்ல இடம் இல்லை. மதியம் கோவைக்குள் நுழைந்தபோது நானூற்று எண்பதுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தது. ஆக, இருபத்து மூன்று பாக்கி. காந்திபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு சிக்னலில் நின்ற போலீஸ்காரர் கை காட்டி ஓரங்கட்டினார்.

“ஏனுங்க, நாலாவது தடவையா வர்றீங்க. அட்ரஸ் தெரியலீங்களா?”

“இல்ல சார், கிலோமீட்டர் ஓட்டறோம்” என்றான் பாபு.

அவர் எங்கள் இரண்டு பேரின் வாயையும் ஊதச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு அனுப்பினார்.

ஐநூறு தொட்டது அவிநாசி ரோட்டில். பாபு ஓரமாக நிறுத்தினான். டேங்கை ஒரு தடவை தட்டிக் கொடுத்தான். பிறகு கிளப்பினான் பாருங்கள்! இரண்டு நாளாகத் தொண்டைக்குள் முனகிக்கொண்டிருந்த வண்டி வாய்விட்டுக் கத்தியது. அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையினால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே செம்மண் மைதானத்தில் வளைந்து வளைந்து போட்ட மண் டிராக். ஒரு சுற்று ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர், மொத்தம் பத்துச் சுற்று. பாபு ஓட்டியது புதுமுகங்களுக்கான பிரிவு. இருபத்திரண்டு பேர், பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ரேஸ் வண்டியில் கண்ணாடி, இண்டிகேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பாபுவின் வண்டியில் கூடுதலாக ஒன்று இருந்தது. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க மாட்டுகிற சேரீ கார்டு. அதைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். பாபு சட்டை செய்யவில்லை. கழற்றியதை என் பையில் பத்திரமாக வைத்தான்.

பிறகு பெட்ரோல். “டேங்க் ஃபுல்லா இருந்தா ஏழெட்டுக் கிலோ தேவையில்லாத எடை மச்சான்” என்று ஆரம்பித்தான்.

“உன் தொப்பையைக் கழட்டி வை. அது பத்துக் கிலோ.”

காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர், முறுக்கி ஓட்டினால் லிட்டருக்கு இருபது, ஆக அறுநூறு மில்லி, அவசரத்துக்கு ஐம்பது. டேங்கைக் காலி பண்ணிவிட்டு, தண்ணீர் பாட்டிலில் அளந்து ஊற்றினான். கணக்கு வாத்தியார் அளந்தால் நான் என்ன சொல்ல?

ரேஸ் தொடங்கும் முன் எல்லோரையும் டிராக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு சுற்று மெதுவாக ஓட்டி வரச் சொன்னார்கள். வார்ம்-அப் லேப். பாபு போய் வந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான். நானும் காட்டினேன். அந்த ஒரு சுற்று கணக்கில் இல்லை என்பது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் உறைக்கவில்லை.

சுமதிக்கு ஃபோன் போட்டு, பாபுவின் நம்பர் முப்பத்தெட்டு என்று சொன்னேன். “லைன்லயே இருங்கண்ணா” என்றது. கொடி இறங்கியது. தூசி எழும்பியது. முதல் வளைவில் பாபு கடைசியிலிருந்து இரண்டாவது.

மூன்றாவது சுற்றில் நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பாபு வளைத்துக்கொண்டு போனான். ஐந்தாவது சுற்றில் இரண்டு வண்டி புகைந்து நின்றன. எங்கள் வண்டியின் சத்தம் மட்டும் கணீரென்று இருந்தது. ஐநூறு கிலோமீட்டர் பொறுமை சும்மா போகுமா! எட்டாவது சுற்றில் அவன் ஒன்பதாவது இடம். “சுமதி, ஒன்பதாவது! இருபத்திரண்டுல ஒன்பதாவது!” என்று கத்தினேன். “விழாம வரச் சொல்லுங்கண்ணா” என்றது. காலை மாற்றி மாற்றி நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்திலிருந்தவர் நகர்ந்துகொண்டார்.

கடைசிச் சுற்று. கடைசி வளைவுக்கு முன்னால் வண்டி ஒரு இருமல் இருமியது. இன்னொன்று. அப்புறம் சத்தமே இல்லை. முடிவுக் கோடு நூற்றைம்பது மீட்டரில்.

பாபு உருட்டிக்கொண்டே ஓரமாக வந்து நிறுத்தினான், இறங்கினான், வண்டியை அப்படியே இடது பக்கம் தரையோடு தரையாகச் சாய்த்தான். அந்தப் பக்கம் ஒரே தூசி. மைக்கில் அறிவிப்பவர் கத்தினார்: “முப்பத்தெட்டாம் நம்பர் விழுந்துட்டாருங்க! முப்பத்தெட்டு டவுன்!” மஞ்சள் கொடி ஆடியது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஃபோனில் சுமதிக்கு மைக் சத்தம் கேட்டுவிட்டது. “அண்ணா, அவர் நம்பர்தானே அது? விழுந்துட்டாரா? அடி பட்டுச்சா? அண்ணா, சொல்லுங்கண்ணா!” அந்தக் குரலில் ஸ்கூட்டரும் இல்லை, பந்தயமும் இல்லை.

“விழல சுமதி! நல்லா இருக்கான்! சாய்ச்சிருக்கான்!”

“சாய்ச்சாரா? இடது பக்கமா?”

“ஆமாம்!”

“அய்யோ, இந்த மனுஷனை... பெட்ரோல்!”

அவன் நிமிர்த்தி உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். டிராக் ஓரத்தில் கண்காணிக்க நின்ற மார்ஷல் ஒருவர் பக்கத்தில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “அடி ஒண்ணும் இல்லீங்களே? நான் தொடக் கூடாதுங்க, தொட்டா நீங்க அவுட்டுங்க” என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. ஒவ்வொரு வண்டியாக அவனைத் தாண்டிப் போனது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

ஃபோனில் சுமதி கத்தியது: “அண்ணா, அந்த வண்டிக்குச் சாய்ச்சா மட்டும் பத்தாது! ஊதணும்! ஊதச் சொல்லுங்க!”

நான் தடுப்புக் கயிற்றின்மேல் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்தினேன். “பாபு! ஊதுடா! டேங்க்ல ஊது!”

அவன் திரும்பிப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். டேங்க் மூடியைத் திறந்தான். வாயை வைத்தான். இதைப் பார்த்ததும் கூட்டம் முழுக்கப் புரிந்துகொண்டது. யார் வீட்டில் டூவீலர் இல்லை? எனக்குப் பக்கத்திலிருந்தவர் முதலில் ஆரம்பித்தார். “ஊதுங்க! ஊதுங்க!” பிறகு பத்துப் பேர், பிறகு மைதானமே. “ஊதுங்க! ஊதுங்க!” கோயம்புத்தூர்க்காரர்கள் அப்போதுகூட மரியாதையை விடவில்லை. பாபுவின் கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பின. மூடினான், ஹெல்மெட்டை மாட்டினான், உதைத்தான்.

பிடித்துக்கொண்டது.

வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, ஒருவரும் பின்னால் இல்லாத டிராக்கில், முப்பத்தெட்டாம் நம்பர் கோட்டைத் தாண்டியது. தாண்டிப் பத்தடி போனதும் மறுபடி நின்றது. முடித்தவர்கள் பதினான்கு பேர், அவன் பதினான்காவது. ஜெயித்த பையனுக்கு விழுந்ததைவிட இவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். நான் கயிற்றைத் தாண்டி ஓடிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம்.

“சுமதி, தாண்டிட்டான்!” என்றேன் ஃபோனில். அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பாபு ஃபோனைப் பிடுங்கி, “தாண்டிட்டேன்ல? பேச்சு பேச்சுதானே?” என்றான்.

“நடுவுல நின்னீங்களா இல்லையா? ரெண்டும்தானே சொன்னேன். நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டது.

பாபுவின் முகம் தொங்கிப்போயிற்று. சட்டப்படி பார்த்தால் அது சொல்வதும் சரிதான். நான் சாட்சி, நானே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஹெட்லைட்டை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை அதிகாலை கிளம்பி அதே வழியில் திரும்பினோம். இந்தத் தடவை எழுபது, எண்பது. மதியம் உளுந்தூர்பேட்டை, சாயங்காலம் நான்கரைக்குச் செங்கல்பட்டு. ஆத்தூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் இதையே சொல்வேன். ஒரு பக்கமாவது மெதுவாகப் போங்கள். டூவீலருக்கு டோல் கிடையாது, அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. டூ-ஸ்ட்ரோக் வைத்திருந்தால் ஆயில் கேனைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், சேலம் ரோட்டில் எல்லா பங்க்கிலும் கிடைப்பதில்லை. போக வர, தங்க, சாப்பிட என இரண்டு பேருக்கும் சேர்த்து, ரேஸ் கட்டணம் தவிர, இரண்டாயிரத்து நானூறு ஆனது. என்ஜின் வேலையை ரேஸுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பெட்ரோல் கணக்குப் போடும்போது வார்ம்-அப் லேப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட, கணக்கே போடாமல் ஊற்றுங்கள்.

ஊரப்பாக்கம் பங்க்கில் பாபு நிறுத்தினான். என் வீடு அங்கேயே இருந்தும் நான் கூடவே இருந்தேன், சாட்சியாயிற்றே. பெட்ரோல் போடுகிறவர் வழக்கம்போல், “அம்பதா சார்?” என்றார்.

“ஃபுல் பண்ணுங்க” என்றான் பாபு.

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் நான் இதைக் கேட்டதில்லை. அங்கேயே என் பையிலிருந்து சேரீ கார்டை வாங்கி, ஸ்பேனரை எடுத்து மாட்டினான். கண்ணாடியைக்கூட வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம் என்றுவிட்டான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் சுமதி நிலாவைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. பாபு வண்டியை நிறுத்திவிட்டு, தேர்வுத்தாள் வாங்க வந்த மாணவன் மாதிரி ஒதுங்கி நின்றான். சுமதி குழந்தையை என்னிடம் கொடுத்தது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, டேங்கிடம் காதைக் கொண்டுபோனது. உள்ளே சலசலவென்று சத்தமே இல்லை. கழுத்துவரை நிரம்பிய டேங்க் அசையுமா? மூடியைத் திறந்து பார்த்தது. பிறகு குனிந்து சேரீ கார்டைப் பார்த்தது.

“அண்ணா, பாப்பாவைக் கொஞ்ச நேரம் பாத்துக்கோங்க. மாடம்பாக்கம் கோயில் வரைக்கும் போய்ட்டு வந்துடறோம்” என்றது.

பாபு ஒரே உதையில் கிளப்பினான். சுமதி ஏறி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவன் தோளில் கை வைத்தது.

“நாப்பத்தஞ்சைத் தாண்டாம ஓட்டுங்க.”